கதவு கதவாய் இறங்கிய மலை

போன வாரம் ஸ்டெர்யோஸ் செத்து நாற்பதாம் நாள். புதிய வெர்தினாவின் தேவாலயத்தில் அவித்த கோதுமையில் மாதுளை முத்தும் சர்க்கரையும் போட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். வாங்கித் தின்றவர்கள் எல்லாம் "மகான் மாதிரி மனுஷன்" என்றார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. மகானாவது மண்ணாவது! அவன் சரியான வாய்க்கொழுப்புக்காரன். இன்றைக்கு மகான் என்பவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் அவன் முகத்தில் துப்பியவர்கள். அதில் நான் முதல் ஆள். அவன் என் தங்கை ஹைதோவைக் கட்டியவன். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

பழைய வெர்தினாவில் அவன் ஒருவன்தான் தச்சன். நாலு வயதில் அப்பனைத் துருக்கிப் போரில் பறிகொடுத்துவிட்டு, சமவெளியில் மாமன் பட்டறையில் வளர்ந்து, இருபது வயதில் ஊர் திரும்பினான். அல்பேனியப் போர்முனையில் பனி அவன் இரண்டு கால்விரல்களைத் தின்றுவிட்டது. அதனால் நடை கொஞ்சம் சாயும். யாராவது "என் வீட்டுக் கதவு சிக்குதுப்பா" என்று கூப்பிட்டால் உடனே எழுந்து போக மாட்டான். என் காபிக்கடையில் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, "உள்ள விடமாட்டேங்குதா, வெளிய விடமாட்டேங்குதா? உள்ள விடலைன்னா உன் பொண்டாட்டியக் கேளு, என்னை ஏன் கேக்கிற?" என்பான். கடையே சிரிக்கும். அப்புறம் இழைப்புளியை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு வருவான். ஒவ்வொரு கதவின் மேல்விளிம்பிலும், இழைத்த தேதியைப் பென்சிலால் எழுதி வைப்பது அவன் பழக்கம். அது எதற்கென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் சரிவில் மூன்று அடுக்காக இருந்தது. மேல் அடுக்கு, அதற்குக் கீழே தேவாலயமும் நடு அடுக்கும், கொஞ்சம் ஒதுங்கி ஆற்றோரப் பாறை மீது கீழ் அடுக்கு. ஸ்டெர்யோஸின் வீடு நடு அடுக்கில் தேவாலயத்துக்கு நாலு வீடு தள்ளி. கிழக்கே ஓடையைத் தாண்டினால் எலியாஸ் குன்று. அது முழுக்கப் பாறை. அங்கே ஒரு சின்னக் கோயிலும் கல்லறைத் தோட்டமும்தான் இருந்தன. துருக்கிப் பாஷாவின் வரி வசூல் ஆட்கள் ஏறி வர முடியாத இடம் என்று எங்கள் முன்னோர் தேடிப் பிடித்த மலை அது. ஆனால் பாஷாவும் ஏறி வந்து ஒரு தடவை கொளுத்தினான். நாற்பத்து மூன்றில் ஜெர்மன்காரன் கொளுத்தினான். உள்நாட்டுச் சண்டையில் நம்ம ராணுவமே எல்லோரையும் இறக்கிக்கொண்டு போய்ச் சமவெளியில் புகையிலைக் கிடங்குகளில் அடைத்தது. மூன்று வருஷம் அங்கே கிடந்தோம். ஹைதோவின் ஆண் குழந்தை அந்தக் கிடங்கில்தான் ஜுரத்தில் போனான். ஐம்பதில் திரும்பி வந்தபோது, இனி செத்தாலும் இந்த மலையை விட்டு இறங்க மாட்டோம் என்று ஊரே வைராக்கியமாக இருந்தது.

திரும்பி வந்தால் வீடு இல்லை. கருகிய சுவர்தான் நின்றது. கூரைக்கு உத்தரம் வேண்டும், கதவு வேண்டும், மரத்துக்கு எங்கே போவது?

மரம் இருந்தது. ஊருக்கு நேர் மேலே இருந்தது. அதுதான் விலக்குக் காடு. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் மேலிருந்து பாறைகள் உருண்டு பதினோரு பேரைக் கொன்றதாம். உடனே ஊரில் இருந்த நாலு பாதிரியார்களும் கறுப்பு மெழுகுவர்த்தியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவைச் சுற்றி வந்து சாபம் படித்தார்கள். இந்தக் காட்டில் கோடரி போடுகிறவன் சபைக்கு வெளியே போவான், செத்த பிறகும் அவன் உடம்பு மண்ணில் மக்காது என்று. அன்றிலிருந்து யாரும் ஒரு சுள்ளிகூட ஒடிக்கவில்லை. ஜெர்மன்காரன் கொளுத்திய குளிர்காலத்தில், குழந்தைகள் விறைத்துக் கிடந்தபோதுகூட ஓடைக்கு அந்தப் பக்கம் போய்த்தான் விறகு பொறுக்கினோம். அப்படி ஒரு பயம்.

ஐம்பதில் என்ன செய்தோம்? பாதிரியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாருக்கு விண்ணப்பம் எழுதினோம். சாபத்தை நீக்கி முத்திரை போட்ட காகிதம் வந்தது. பாதிரியார் அதைப் படித்தார், காட்டைச் சுற்றிப் புனித நீர் தெளித்தார், எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டோம். சாபம் போயாச்சு, இனி என்ன பயம்? எங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த முன்னோர்கள் காட்டுக்காகவா சாபம் போட்டார்கள்? தலைக்கு மேலே தொங்கிய மலைக்காகப் போட்டார்கள். காகிதம் சாபத்தை எடுத்தது, மரத்தை நாங்கள் எடுத்தோம். மலையைப் பிடித்துக்கொள்ள அங்கே யாரும் மிச்சமில்லை.

இருந்தாலும் முதல் கோடரியைப் போட ஒருவரும் முன்வரவில்லை. ஆளுக்கு ஆள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டெர்யோஸ்தான் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, "மக்காமப் போனா என்ன, என்னை எவனும் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லப் போறதில்ல" என்று சொல்லி முதல் ஓக் மரத்தை வெட்டினான். இரண்டு வருஷத்தில் சரிவு மொட்டையாகிவிட்டது. ஊரின் கூரை உத்தரம், ஜன்னல், கதவு எல்லாம் அந்த மரம், எல்லாம் அவன் கை. தேவாலயத்தின் பெரிய இரட்டைக் கதவும் அவன் செய்ததுதான். அதைச் செய்து முடித்தபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

ஐம்பத்தெட்டில், மழைக்காலத்தில், மேல் அடுக்கில் கோடிவீட்டுக் கதவு சிக்கியது. அடுத்த வருஷம் அதற்குப் பக்கத்து வீடு. மழையில் மரம் ஊறத்தான் செய்யும், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அவனுக்கு வந்தது. ஊறிய கதவு எல்லாப் பக்கமும் பிடிக்கும், இது மேல் மூலையில் மட்டும் பிடிக்கிறது, அதுவும் எல்லா வீட்டிலும் ஒரே மூலை என்றான். அவன் பென்சில் தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தான். ஒவ்வொரு மழைக்கும் சிக்கும் கதவுகள் வீடு வீடாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தன. அன்றிலிருந்து அவன் கடையில் சிரிப்புக் காட்டுவது குறைந்துவிட்டது. காபி ஆறிப்போகும்வரை மேலே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். எனக்கு அது பிடிக்கவில்லை.

அறுபத்து நாலு அக்டோபரில் என்னை வலுக்கட்டாயமாக மொட்டைச் சரிவுக்குக் கூட்டிப் போனான். அழுகிய அடிக்கட்டைகளுக்கு நடுவே, புல்லில் ஒரு பிளவு ஓடியது. ஒரு கை நுழையும். அதன் குறுக்கே அவன் போன மார்ச்சில் பன்னிரண்டு மரமுளைகளை நேர்கோட்டில் அடித்து வைத்திருந்தான். இப்போது நடுவில் இருந்த ஐந்து முளைகளும் ஒன்றரை அடி கீழே நின்றன. பிளவுக்குள் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மேலே எந்த ஓடையும் கிடையாது.

"பாத்தியா மச்சான்?" என்றான்.

"ஆடு இடிச்சிருக்கும்."

"அஞ்சு முளையையும் ஒரே அளவுக்கா? அளவுகோல் வச்சிக்கிட்டா இடிச்சுது உன் ஆடு?"

ஆடு இல்லை என்று எனக்கும் தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. "சரிப்பா, என்னதான் பண்ணச் சொல்ற?" என்றேன்.

"மழை பலமாகிறதுக்குள்ள மேல் அடுக்கும் நடு அடுக்கும் எலியாஸ் குன்றுக்குப் போயிடணும். கூடாரம் போட்டாவது இருந்துக்கலாம். நீ கவுன்சில்ல இருக்கிறவன், நீ சொன்னா கேப்பாங்க. நான்தான் அந்த மரத்தை முதல்ல வெட்டினவன். ஒரு உசிரு போனாலும் என் தலையிலதான் விடியும்."

நான் சொல்லவில்லை. அவனாகவே கடையில் கவுன்சில் ஆட்களையும் பாதிரியார் நெக்தாரியோஸையும் வைத்துக்கொண்டு தாளை விரித்தான். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? "திரும்பவும் கூடாரமா? மூணு தடவை காலி பண்ணினது போதாதா? இப்ப ஒரு தச்சன் வேற கிளம்பிட்டானா?" என்று கவுன்சில் தலைவர் கத்தினார். பாதிரியார் பொறுமையாகத்தான் பேசினார். "ஸ்டெர்யோ, சாபத்தைத்தான் நீக்கியாச்சே. உன் மனசு ஏன் இப்படி அடிச்சுக்குது? வந்து என்கிட்ட பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போ, எல்லாம் சரியாயிடும்."

"நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன் சாமி. மலை பண்ணுமா?"

பாதிரியாரின் முகம் சுருங்கிவிட்டது. கடையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இந்த வாய்தான் அவனைக் கெடுத்தது. கொஞ்சம் பணிவாகப் பேசியிருந்தால் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். அன்றைக்கும் இதைச் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

வீட்டிலும் தோல்விதான். ஹைதோவையும் மகள் அரெட்டியையும் மட்டுமாவது குன்றுக்கு அனுப்பப் பார்த்தான். அரெட்டிக்கு அப்போது பதினெட்டு வயது, அப்பனின் வாய் அப்படியே வாய்த்திருந்தது. "கல்லறைத் தோட்டத்துல போய்க் குடியிருக்கவா? அவசரப்படாதீங்கப்பா, எப்படியும் அங்கதான் போகப் போறோம்" என்றாள். ஹைதோ சிரிக்கவில்லை. "ஊரு போனா நானும் வரேன். தனியா ஓட மாட்டேன். ஓடினதுல ஒரு புள்ளையப் புதைச்சுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் பீன்ஸைக் கிளறப் போய்விட்டாள்.

டிசம்பர் ஆறு, புனித நிக்கோலாஸ் திருநாள். தேவாலயம் அவர் பெயரில்தான். மூன்று அடுக்கும், நடக்க முடியாதவர்கள்கூட, அன்றைக்கு உள்ளே இருக்க வேண்டும். ஐந்தாம் தேதி மத்தியானம் பாதிரியார் ஸ்டெர்யோஸுக்கு ஆள் அனுப்பினார். தேவாலயக் கதவு சிக்குகிறது, சாயங்கால வழிபாட்டுக்குள் சரிசெய்து கொடு என்று.

அவன் போய்ப் பார்த்தான். மேல் மூலை. அதே மூலை. ஊரையே உள்ளே வைத்துப் பூட்டப் போகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. இழைப்புளியைக் கீழே வைத்தான். இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தி, இடுக்கில் ஓக் ஆப்புகளை இறக்கி, சாண் நீள ஆணிகளை நிலையோடு சேர்த்து அடித்துவிட்டான். நாங்கள் மெழுகுவர்த்தியும் ரொட்டியுமாக வந்து சேர்ந்தபோது, சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்குப் பூசையை எலியாஸ் குன்றுல வைங்க," என்றான். "இந்தக் கதவு திறக்காது. நான் அடிச்ச ஆணி, எனக்குத் தெரியும்."

பெண்கள் அலறினார்கள். திருநாளுக்கு முந்தின சாயங்காலம், கடவுள் வீட்டுக் கதவை ஒரு மனிதன் ஆணி அடித்து மூடுவதா? என் மைத்துனன்! ஊர் முழுக்க என்னைத்தான் பார்த்தது. நான் போய் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, "மூஞ்சில கரியைப் பூசிட்டியேடா, பாவி!" என்று கத்தி, ஆம், துப்பினேன். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. "என் மேல என்ன வேணா துப்பு மச்சான். உள்ள மட்டும் போகாதே" என்றான்.

ஆறு பேர் ஓர் உத்தரத்தைத் தூக்கி வந்து கதவை இடித்தார்கள். அவன் செய்த கதவு, லேசில் விடவில்லை. ஒருவழியாகப் பலகை பிளந்து, கீல் பிடுங்கிக்கொண்டு, நிலையோடு சேர்ந்து விழுந்தது. அந்த வாசலில் ஆட்டுரோமக் கம்பளியைத் தொங்கவிட்டு, உள்ளே காற்று அடிக்க அடிக்கத் திருநாள் கொண்டாடினோம். வானம் பளிச்சென்று இருந்தது. ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. மத்தியானம் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் அவனுக்கு விலங்கு மாட்டி, கோவேறுக் கழுதைப் பாதையில் இறக்கிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பித் திரும்பிச் சரிவையே பார்த்துக்கொண்டு போனான்.

மறுநாள் மழை பிடித்தது. பிடித்தது விடவில்லை. ஊற்றில் தண்ணீர் காவி நிறத்தில் வந்தது, அப்புறம் ஒருநாள் நின்றே போனது. நாய்கள் மேல் அடுக்குக்குப் போக மறுத்தன. வீடுகளில் கதவுகள் சிக்கின. இழைக்க ஆள் இல்லாததால் சாத்தாமலே விட்டுவிட்டார்கள். எல்லோரும் இதையெல்லாம் பார்த்தோம், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

அடுத்த ஞாயிறு ஹைதோவும் அரெட்டியும் பூசைக்கு வந்தார்கள். பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு விலகினார்கள். யாரோ "ஆணிக்காரன் பொண்டாட்டி" என்றார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். கூடப் பிறந்தவன் நான். என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இது: "ஹைதோ, கொஞ்ச நாளைக்கு வீட்டோட இரு. என் மானத்தை வாங்காதே."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சரிண்ணே" என்றாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனாள். அந்த வாரம் யாரோ அவள் வீட்டில் கல் எறிந்திருக்கிறார்கள். அதனால் கதவைத் தாழ் போட்டே வைத்திருந்தாள். ஊரிலேயே இறுக்கிச் சாத்தியிருந்தது அந்த ஒரு கதவுதான்.

இருபதாம் தேதி ஞாயிறு, பூசையின் நடுவில், தொங்கும் விளக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. சாய்ந்தது விளக்கு இல்லை, நாங்கள்தான். பிறகு சுவரில் இருந்த புனிதர்களின் முகத்தில் காரை விரிந்தது. காலுக்கு அடியில் வண்டி இழுபடுவது போல ஒரு சத்தம். பாதிரியாரே முதலில் கத்தினார்: "வெளிய! எல்லாரும் வெளிய!" இருநூற்று எழுபது பேர் அந்த வாசல் வழியாக ஓடினோம். வாசலே கோணிப்போயிருந்தது. கதவு இருந்திருந்தால் ஓர் ஆள் வெளியே வந்திருக்க முடியாது. கம்பளியைக் கிழித்துக்கொண்டு ஓடினோம், கிழவர்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினோம், எலியாஸ் குன்றுப் பாதையில்.

அந்தப் பாதை என் தங்கை வீட்டைத் தாண்டித்தான் போகிறது. உள்ளே இருந்து தட்டும் சத்தம் கேட்டது. நான் நின்றேன். தோளைக் கொடுத்து மூன்று தடவை இடித்தேன். அசையவில்லை. ஜன்னலில், கொள்ளைக்காரர் காலத்துப் பழக்கமாக எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, இரும்புக் கம்பி.

"மாமா, மேல் மூலையிலதான் பிடிக்குது" என்றாள் அரெட்டி, உள்ளே இருந்து. பதறாமல்தான் சொன்னாள். "அங்க கோடரி போடுங்க."

என்னிடம் கோடரி இல்லை. கையில் மெழுகுவர்த்தி இருந்தது.

"நீ போண்ணே" என்றாள் ஹைதோ. "அண்ணே, போயிடு." சுவர் என் பக்கம் பிதுங்கிக்கொண்டு வந்தது. நான் போனேன். ஓடினேன். ஓடையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, மேல் அடுக்கும் தேவாலயமும் நடு அடுக்கும் இருந்த இடத்தில் பச்சை மண்ணும் பாறையுமாக ஒரு சரிவு கிடந்தது. அதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஊர்க்காரர்கள் நாலு பேரோடு சமவெளிக்கு இறங்கி, அவனை வைத்திருந்த சிறைக்குப் போனேன். என் உடையெல்லாம் சேறு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவன் அதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"கோயிலு?"

"போச்சு. எல்லாரும் உள்ளதான் இருந்தோம். கதவு இல்லாததால வெளிய ஓடி வந்துட்டோம்."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எத்தனை பேரு?"

"ரெண்டு."

"ரெண்டா? ரெண்டே ரெண்டா?" அவன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டான். "முழு ஊருல ரெண்டு பேரு! கடவுளே! நூறு பேரு போவாங்கன்னு நெனச்சேன் மச்சான், இத்தனை நாளும் கண்ணை மூடல." காவலாளியைக் கூப்பிட்டு, "கேட்டியா ஐயா, ரெண்டே பேருதானாம்!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தான். அப்புறம் அப்படிச் சந்தோஷப்படுவது தப்பு என்று தோன்றியதோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாவம், அவங்க வீட்டுல எப்படித் துடிச்சிருப்பாங்க. யாரு மச்சான் அந்த ரெண்டு பேரு?"

கூட வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நான்தான் சொன்னேன்.